நாயிடம் சொன்னது

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அவனும் ஒரே பைக்கில் போய், ஒரே ஆற்றில் இறங்கி, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுவிட்டு, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பியிருக்கிறோம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பேச்சே இல்லையென்றால் எதற்குச் சேர்ந்து போனீர்கள் என்கிறார்கள். முதலில் எவன் வராமல் நிற்கிறானோ அவன் தோற்றவன். அவ்வளவுதான் விஷயம். இது புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இருபது வருஷத்துச் சிநேகிதம் என்று ஒன்று அவர்களுக்கு இருந்திருக்காது.

கோயமுத்தூர் பீளமேட்டில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், எரிந்துபோனது எதுவானாலும் கொண்டு வருவார்கள். அவன் பக்கத்து மில்லில் ஃபிட்டர். மில் மோட்டார்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து போனதில்தான் பழக்கம். முதல் நாளே, காயில் சுற்றிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்து, "இந்தக் கைக்குத் தூண்டில் முள்ளு நல்லாக் கட்ட வருமே" என்றான். மீன் பைத்தியம் மீன் பைத்தியத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறே பவானி ஆற்றுக்குக் கிளம்பினோம்.

அவன் கிறிஸ்தவன். எல்லோரும் காலை ஆராதனைக்குப் போனால் அவன் மாலை ஆராதனைக்குப் போவான். சீடர்களில் பாதிப் பேர் மீன்காரர்கள்தானே என்று போதகரிடம் வாதாடி அனுமதி வாங்கியவன். எனக்கு அப்படிக் கேட்க யாரும் கிடையாது. காலை ஐந்து மணிக்கு ஹோப்காலேஜ் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் முனையில் அவன் நிற்பான், நான் பைக்கை நிறுத்துவேன். சரவணம்பட்டி, அன்னூர், சிறுமுகை. விடிகிற நேரத்தில் ஆற்றில் கால் வைத்துவிடுவோம்.

நாங்கள் தேடிப்போனது வாளை. கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஜிலேபி மீன்தான் சிக்கும். வாளை வேண்டுமென்றால் ஆற்றுக்குள் இறங்கி நடக்க வேண்டும். செதில் கிடையாது, வாய் முழுக்கப் பல். குட்டிக் கெண்டையை உயிரோடு முள்ளில் கோத்து ஆழத்தின் ஓரமாக விட்டால் அது வந்து அடிக்கும். அடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். ஆளுயர வாளை உண்டு என்று பரிசல்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் பிடித்ததில் பெரியது என் இடுப்பளவு. அந்த ஒரு மீன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் இடம் இப்படி: கரையை ஒட்டித் தொடையளவு தண்ணீர், பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். அதைத் தாண்டினால் ஆற்றின் நடுவில் தட்டையான ஒரு பாறைத் திட்டு. அதன்மேல் கணுக்காலளவுதான் தண்ணீர். திட்டுக்கு அந்தப் பக்கம் மடு, அதன் ஆழத்தை நாங்கள் அளந்ததில்லை. வாளை மடுவில் இருக்கும். பிடிக்கிறவன் திட்டின் மேல் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

மேலே அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறப்பார்கள். எந்த நேரம் திறந்தது என்பது ஆற்றில் நிற்பவனுக்குத் தெரியாது. கரைக்கும் திட்டுக்கும் நடுவிலிருக்கிற தொடையளவுத் தண்ணீர்தான் முதலில் ஏறும். திட்டில் நிற்பவன் காலில் அது தெரிவதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கும். பவானியில் குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள் எல்லோருடைய கதையும் இதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவன் திட்டில், ஒருவன் கரையில். கரையில் இருப்பவனுக்கு இரண்டே வேலை. ஒன்று, மீன் மாட்டியதும் திட்டில் இருப்பவன் "வலை!" என்று கத்துவான், கைப்பிடி வலையோடு ஓட வேண்டும். இன்னொன்று, எருமையைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

எருமை என்பது கரையோரம் கிடந்த பெரிய பாறை. தண்ணீரில் படுத்திருக்கும் எருமையின் வயிறு, கழுத்து, மூக்கு, கொம்பு எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் வயிற்றுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. வயிறு நனைந்தால் கத்த வேண்டும். கழுத்துக்கு வருவதற்குள் ஆள் கரையில் இருக்க வேண்டும். மூக்கு முங்கிவிட்டால் கடக்க முடியாது. வயிற்றிலிருந்து மூக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் கைக்கடிகாரத்தைவிடச் சுத்தமாகத் தெரியும். இருபது வருஷமும் கரையில் நின்றவன் கத்தத் தவறியதில்லை.

இனி அந்த மீன். பேச்சு நிற்பதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் தூண்டிலில் மாட்டியது. அரை மணி நேரம் இழுத்தான். தூண்டில் நரம்பு அறுத்து அவன் உள்ளங்கை முழுக்க ரத்தம். நான் வலையில் வாங்கினேன். கரைக்குக் கொண்டுவந்ததும், "நீ புடிச்சிட்டு நில்லுடா, என்ற கை நடுங்குது" என்று மீனை என்னிடம் கொடுத்துவிட்டு அவனே செல்போனில் படம் எடுத்தான். படம் நன்றாக வந்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்டார்கள். முதலில் "நாங்கள் பிடித்தது" என்று சொன்னேன். ஒரு வருஷத்தில் அது "நான் பிடித்தது" ஆகிவிட்டது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும்.

இதற்குள் மில்லை மூடிவிட்டார்கள். அவன் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அவன் காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான். எனக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. சொன்னதில்லை.

ஒரு நாள் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் இழுத்தது, நரம்பு அறுத்தது, ரத்தம், எல்லாம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்பதையே மறந்துவிட்டேன்.

"புடிச்சது நானுங்க" என்றான் அவன் மெதுவாக. "இவன் தூக்கிட்டு நின்னான். படம் எடுத்ததும் நான்தானுங்க."

விவசாயி சிரித்துவிட்டார். "அப்ப நீங்க மீனத் தூக்கறவருங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "சோறுதான் பொண்டாட்டி சம்பாத்தியமாப் போச்சு. மீனாச்சும் உன்னுதா இருக்கட்டும், உடு."

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. சரியான இடத்தில் போய்க் குத்தியது என்று அவன் முகத்தில் தெரிந்தது, அதிலும் ஒரு திருப்தி. விவசாயி தலையைக் குனிந்துகொண்டார். அவன் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான், அதே முனையில் நின்றான். நான் பைக்கை நிறுத்தமாட்டேன் என்று அவன் நினைத்திருப்பான். நிறுத்தினேன். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். அன்னூர் போகும்வரை, அவன் ஏதாவது சொல்வான், நானும் ஏதாவது சொல்லிச் சரிக்கட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எனக்கு மட்டும் என்ன, நானும் திறக்கவில்லை.

ஆனால் பேசாமல் இரண்டு பேர் ஆற்றில் மீன் பிடிக்க முடியாது. அதற்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் இடத்தில் ஒரு செவலை நாய் சுற்றிக்கொண்டிருக்கும், மீன் குடலுக்காக வரும். அதனிடம் பேச ஆரம்பித்தோம்.

"ஏ நாயே, பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்குதுன்னு யாருக்காச்சும் சொல்லு" என்பான் அவன்.

"நாயே, அந்தப் பக்கம் பாசி வழுக்குது. கண்ணு தெரியாதவங்க பாத்து நடக்கட்டும்" என்பேன் நான்.

நாய் இரண்டு பேரையும் பார்த்து வாலை ஆட்டும். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் சில சமயம் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்திருக்கும். சிரித்தால் தோற்றுப்போவோம் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சாப்பாடுதான் எல்லாவற்றையும்விட மோசம். எங்களுக்குள் பேச்சு இல்லை என்பது அவன் மனைவிக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. சொல்வதென்றால் நான் சொன்ன வார்த்தையையும் அவளிடம் சொல்ல வேண்டுமே. அவள் வழக்கம்போல இரண்டு ஆளுக்குத் தக்காளி சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்தாள். அவன் என் பங்கை மூடியில் வைத்து ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்காருவான். நான் எடுத்துச் சாப்பிடுவேன். எந்தச் சம்பளத்தைக் குத்திக்காட்டினேனோ அந்தச் சம்பளத்தில் பொங்கிய சோறு. எட்டு வாரமும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன். முட்டைக்கு உப்பு குறைவு என்று ஒரு தடவை நாயிடம் புகாரும் சொன்னேன்.

ஒன்பதாவது ஞாயிறு திட்டில் நிற்கும் முறை அவனுடையது. நான் கரையில் வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய் என் காலடியில், தண்ணீரின் ஓரத்தில் படுத்திருந்தது. மழை இல்லாத காலம், ஆறு தெளிவாக இருந்தது. எருமையின் வயிறு காய்ந்து வெளுத்திருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியபோது அவன் ராடு வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது கரைக்குக் கேட்டது. அவன் இரண்டு எட்டு முன்னால் இழுபட்டு, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டான். நான் வலையோடு எழுந்துவிட்டேன். இருபது வருஷப் பழக்கம், கால் தானாகவே எழுந்துகொண்டது. "வலை!" என்று அவன் கத்த வேண்டும். நான் ஓட வேண்டும்.

அவன் கத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடுவைப் பார்த்துக்கொண்டு தனியாக இழுத்துக்கொண்டிருந்தான்.

ஓகோ, அப்படியா என்று நினைத்துக்கொண்டேன். வலை இல்லாமல் வாளையைத் திட்டில் ஏற்றிவிடுவாயா, ஏற்று பார்ப்போம். வலையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மனசுக்குள் அவனுக்குச் சாபம் விட்டேன். முள் நிமிர்ந்து போகட்டும், நரம்பு அறுந்து போகட்டும்.

அப்போதுதான் எருமையைப் பார்த்தேன். வயிற்றில் வெளுத்த இடம் இல்லை. கருப்பாக நனைந்திருந்தது. ஆற்றின் மேலே சருகும் நுரையும் மிதந்து வந்தன.

கத்த வேண்டிய நேரம். வாயைத் திறந்தேன். முதல் வார்த்தை என்னுடையதாக இருக்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. ஒன்பது வாரம். அவன் "வலை" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டான், நான் மட்டும் கத்திக் கூப்பிட வேண்டுமா? குனிந்து நாயைப் பார்த்தேன்.

"நாயே, தண்ணி ஏறுது பாரு" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுகிற குரலில் சொன்னேன். ஆறு இரைந்துகொண்டிருந்தது, அவன் திட்டின் அந்த ஓரத்தில், முப்பது எட்டுத் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், அவன் காதுக்கு அந்தக் குரல் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன் என்று ஒரு கணக்கு. கேட்கவில்லை என்றால் அது அவன் பாடு. நாய் வாலை ஒரு தரம் தரையில் அடித்தது.

எருமையின் வயிறு முழுக்க முங்கியது. இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே இருந்தது. அந்த நேரம் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்றால், அவன் பயப்பட வேண்டும். காலில் தண்ணீர் ஏறுவது தெரிந்து, திடுக்கிட்டுத் திரும்பி, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். வரும்போது நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லுவேன். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

மீன் ஒரு தடவை மேலே வந்து புரண்டது. வெள்ளை வயிறு தெரிந்தது. என் கடையில் படத்தில் தொங்குவதைவிடப் பெரியது. பார்த்ததும் வயிறு எரிந்தது. இதை இவன் தனியாகப் பிடித்துவிட்டால் கடையில் இருக்கிற படத்துக்கு என்ன மரியாதை? இப்போது போய்க் கத்தி, மீனை விட்டுவிட்டு வா என்று கெஞ்சவா? நனையட்டும், இடுப்புவரை நனையட்டும்.

தண்ணீர் எருமையின் கழுத்துக்கு வந்தது. பார்த்தேன். கழுத்தைத் தாண்டியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மீன் இழுத்த இழுப்பில் காலில் தண்ணீர் ஏறியது அவனுக்குத் தெரியவில்லை.

நாய் எழுந்தது. அது படுத்திருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. உடம்பை உதறிவிட்டு மேட்டில் ஏறி நின்று ஆற்றைப் பார்த்துக் குரைத்தது. என் செருப்பும் நனைந்திருந்தது. எருமைக்கு மூக்கு இல்லை, கொம்பு மட்டும் வெளியே இருந்தது. அப்போதுதான் கத்தினேன்.

"டேய்! தண்ணிடா! உட்டுப்போட்டு வாடா! டேய்!"

தொண்டை கிழியக் கத்தினேன். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் திரும்பினான். முதலில் என்னைப் பார்க்கவில்லை. எருமையைப் பார்த்தான். கொம்பை மட்டும் பார்த்தான். வயிறு எப்போது முங்கியிருக்கும், கழுத்து எப்போது முங்கியிருக்கும், நான் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்துவிட்டான். அப்புறம் என்னைப் பார்த்தான். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஏதோ சந்தேகம் தீர்ந்தவன் மாதிரி இருந்தான். ராடைக் கையிலிருந்து விட்டான். மீன் அதை மடுவுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

கரைக்கு வரும் தண்ணீரில் இறங்கினான். நெஞ்சளவு. நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் கால் இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டியது. ஆறு அவனை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளியது, கால் மாட்டிய இடத்திலேயே நின்றது. அவன் அலறினான். முழங்கால் முறியும் சத்தம் கேட்டதாக எனக்கு ஒரு நினைவு. அந்த இரைச்சலில் கேட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டது.

வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மார்பளவு தண்ணீரில் ஒரு கையால் எருமைக் கொம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வலையை நீட்டினேன். அவன் தலை முங்கி வெளியே வந்தது. கல்லிலிருந்து கால் விடுபட்டதும் வலையின் வளையத்தைப் பிடித்தான். கொஞ்சம் கிட்டே வந்ததும் வலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கையை நீட்டினேன். அதைப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே நீட்டியும் பிடிக்கவில்லை, வளையத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் கீழேயிருந்து ஒரு பரிசல்காரரும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றோடு வந்துவிட்டார்கள். நாலு பேராக இழுத்துக் கரையில் போட்டோம்.

முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் கிடந்தது. அவன் மல்லாக்கப் படுத்து வாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பரிசல்காரர் என் முதுகில் தட்டினார்.

"சாமி, உங்க சத்தம் கேட்டுத்தானுங்க ஓடியாந்தோம். நீங்க மட்டும் கத்தலீன்னா இந்நேரம் கீழ பொணமாத்தான் எடுத்திருக்கோணும். சிநேகிதன்னா இப்படி இருக்கோணுமுங்க."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவர் ஓடினார். மற்ற இரண்டு பேரும் நிழலுக்கு ஓலை கொண்டுவரப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் நாயும் மட்டும் இருந்தோம். நாய் அவன் கிட்டே போய்க் கையை நக்கியது. அவன் தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்தான். பல் கிட்டிப்போய்ப் பேச்சு குழறியது.

"ஏ நாயே" என்றான். "உங்கிட்டயாச்சும் முன்னாடியே சொன்னானா?"

நான் வலையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னேன்டா, அதனிடம்தான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அதுதான், அந்த ஒரு நிமிஷம்தான். யாரும் இல்லை, அவன் கண் என்மேல் இருந்தது. இப்போதும் சில நாள் கடையில் காயில் சுற்றும்போது கை நின்றுவிடும். அந்த நிமிஷத்தில் நின்றுகொண்டிருப்பேன். வாய் திறக்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கும் திறக்கவில்லை. பரிசல்காரர் திரும்பி வந்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் கட்டுப்போட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். பரிசல்காரர் ஆம்புலன்ஸிலேயே கூட வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கத்தியது, ஆற்றில் குதித்தது, வலையை நீட்டியது. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, கர்த்தர்தானுங்க உங்கள அங்க நிறுத்தியிருக்காரு."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அவனைப் பார்த்தேன். இதோ சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது. கடவுளே, சொல்லிவிடட்டும்.

"ஆமா" என்றான் அவளிடம். "இவன்தான் கூப்பிட்டான்."

இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். இரண்டு முறை திறந்தார்கள். முழங்கால் மடங்கவில்லை. இனி ஆற்றில் நிற்க முடியாது என்பது இருக்கட்டும், மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடவும் முடியாது. அவள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். அவன் வீட்டில் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்று கடையில் நான் சொன்ன வார்த்தை அன்று பாதி உண்மைதான். மீதியை நானே செய்து முடித்துவிட்டேன்.

நான் மாதம் ஒரு முறை போகிறேன். போகாவிட்டால் அவள் போன் செய்வாள். "ஏனுங்ண்ணா, மறந்துட்டீங்களா?" என்பாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். அவள் இருக்கும்போது அவன் என்னிடம் நன்றாகப் பேசுகிறான். வாடா என்கிறான், கடை எப்படிப் போகுது என்கிறான். அவள் அடுப்படிக்குப் போனால் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும். அவள் திரும்பி வந்ததும் நின்ற இடத்திலிருந்து தொடரும்.

போன வருஷம் கடையிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினேன். அதைப் பார்க்க முடியவில்லை. செய்தித்தாளில் சுற்றி அவன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். இது உன்னுடையது என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும், அத்தோடு மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது படம் கூடத்துச் சுவரில் இருந்தது. வேதவசனக் காலண்டருக்குக் கீழே, அவன் நாற்காலிக்கு நேர் எதிரே. அவன் காலையில் கண் விழித்து நாற்காலிக்கு வந்தால் இரவு படுக்கும்வரை என் முகம்தான். நான் அவன் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முகம்.

"இதை எதுக்குங்க இங்க மாட்டுனீங்க" என்று அவளைக் கேட்டேன்.

"நானில்லீங்ண்ணா, அவருதான் மாட்டச் சொன்னாரு. ஆணி அடிக்கற எடத்தக்கூட அவருதான் காட்டுனாரு. சபையிலருந்து யாரு வந்தாலும் காட்டுவாரு. ஆத்துல இருந்து என்னக் கூப்பிட்டவன் இவன்தான்னு சொல்லுவாரு. கேக்கறவங்க எல்லாரும் கண்ணக் கசக்கிட்டுப் போவாங்க." அவள் முந்தானையால் சட்டத்தின் கண்ணாடியை ஒரு முறை துடைத்தாள். "இருங்ண்ணா, டீ வெச்சுக் கொண்டாரேன்."

அவள் அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். அவன் என் பக்கம் திரும்பவில்லை. மடங்காத காலைக் கையால் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, எதிரே சுவரில் இருந்த என்னைப் பார்த்தான். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷரிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"ஏனுங்க, தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குதுங்க?"

படத்தில் இருந்தவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை கேட்டான், அதே மரியாதையோடு, அதே மெல்லிய குரலில். பதில் வருவதற்கு நேரம் கொடுத்துக் காத்திருந்தான்.

அவள் டீயோடு வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு பேரும் அந்த ஆத்தப் பத்தியே பேசிட்டு இருக்கீங்களா?"

"ஆமா" என்றான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் ஆமாம் என்றேன்.